குண்டாக இருப்பவர்களுக்கு முட்டி ஆபரேஷன்: எங்கள் அம்மாவின் அனுபவம்

உடம்பு கனமாக இருந்தால் முட்டியை மாற்றியும் பிரயோஜனமில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? கொஞ்சம் இதைப் படியுங்கள். எங்கள் வீடு கோத்தகிரியில். ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போக கைப்பிடி இல்லாத படிகளில்தான் இறங்க வேண்டும். அம்மாவுக்கு 65 வயது, எடை 88 கிலோ, வலது கால் வெளியே வளைந்தே போயிருந்தது.

கோவையில் பார்த்த டாக்டர் எடையைக் காட்டி மறுக்கவில்லை. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு) 40-ஐத் தாண்டினால் கிருமித் தொற்றும் காயம் ஆறாமல் இழுப்பதும் அதிகம், அதனால் அப்படிப்பட்டவர்களை முதலில் குறைத்துக்கொண்டு வரச் சொல்வோம், அம்மா அதற்குக் கீழேதான், ஆனால் சர்க்கரை கட்டுக்குள் வந்தால்தான் தேதி என்றார். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறையுமாம். அம்மா அன்றைக்கே ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே வாக்கரைப் பிடித்து நடந்தார். எடையின் கஷ்டம் தெரிந்தது உட்கார்ந்து எழும்போதுதான். தொடைத் தசையில் வலுவில்லை, தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. நாற்காலிக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினோம், கமோடையும் உயரமாக்கினோம். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தும் பயிற்சியைப் பிசியோ சொன்னபடி விடாமல் செய்தார். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். மலையில் இருப்பவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வலி போனால் நடப்பார், நடந்தால் எடை தானாக இறங்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். வெளியே மழையும் மஞ்சுமாக இருந்தால் ஹாலுக்குள் எவ்வளவுதான் நடக்க முடியும்? பார்க்க வருகிறவர்களும் வர்க்கி (எங்கள் மலையின் மொறுமொறு பிஸ்கட்) பொட்டலத்தோடுதான் வருவார்கள், கூடவே சர்க்கரை போட்ட டீ. அதற்காகப் பட்டினியும் போடாதீர்கள், காயம் ஆறப் புரதம் வேண்டும், நாங்கள் முட்டையும் அவரையும் பயறும் கொடுத்துச் சோற்றை மட்டும் குறைத்தோம். இப்போது அம்மா தனியாகவே படியேறி ரோட்டுக்கு வருகிறார்.

இன்னொன்று. கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து எடை அதிகமுள்ளவர்களுக்குக் கூடுதல். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ காயத்தில் நீர் கசிந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போக மலையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே நேரமாகும்.