நீண்ட விமானப் பயணத்தில் பிரீமியம் எகானமிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

மார்த்தாண்டத்தான்:
வணக்கம். ஹூஸ்டனில் இருக்கும் தங்கையின் பிரசவத்திற்காக அடுத்த மாதம் அம்மாவை அழைத்துச் செல்கிறேன். எங்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம் என்பதால் அங்கிருந்து துபாய்க்கு 4 மணி நேரமும், துபாயிலிருந்து ஹூஸ்டனுக்கு ஏறக்குறைய 16 மணி நேரமும் பறக்க வேண்டும். சாதாரண எகானமிக்கும் பிசினஸ் வகுப்புக்கும் இடைப்பட்ட பிரீமியம் எகானமிக்கு மாற, ஆளுக்கு ஒரு வழிக்கு 58,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். இருவரும் போய்வர 2,32,000 ரூபாய் ஆகிறது. எனக்கு ஆறடி உயரம். அம்மாவுக்கு ஐந்தடிக்கும் குறைவு, வயது 68. சென்ற முறை மஸ்கட்டில் இறங்கியபோதே கால் வீங்கிச் செருப்பு நுழையாமல், அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். ஆனாலும், "அந்தக் காசுக்குப் பேரப்பிள்ளைக்கு ஒரு அரைஞாண் வாங்கலாமே" என்றுதான் சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாறசாலைப் பயணி:
முதலில் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். எகானமியில் முன் இருக்கையின் முதுகிலிருந்து நம் இருக்கையின் முதுகு வரையிலான இடைவெளி 31, 32 அங்குலம். பிரீமியம் எகானமியில் அது 38 முதல் 40 அங்குலம். போயிங் 777 விமானங்களின் எகானமியில் பெரும்பாலும் ஒரு வரிசைக்குப் பத்துப் பேர், பிரீமியத்தில் எட்டுப் பேர். இந்த எட்டில் சன்னலோரம் இரண்டிரண்டாக அமைந்திருப்பதுதான் உங்களுக்குப் பெரிய லாபம். அம்மா ஒவ்வொரு முறை எழும்போதும் முன்பின் தெரியாத ஒருவரை எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அது படுக்கை அல்ல. எட்டு அங்குலம்போலச் சாய்கிற நாற்காலி, அவ்வளவுதான். பெரும்பாலான நிறுவனங்களில் விமான நிலைய ஓய்வறை அனுமதியும் இதில் சேராது. அமெரிக்க வழித்தடங்களில் எகானமிக்கே பல நிறுவனங்கள் 23 கிலோவில் இரண்டு பெட்டி தருவதால், ஏத்தங்காய் சிப்ஸ் கொண்டுபோவதற்காக வகுப்பு மாற வேண்டாம்.

இருவரில் உங்கள் முழங்காலுக்குத்தான் அந்த இடைவெளி தேவை. அம்மாவின் சிக்கல் வேறு. உயரம் குறைந்தவர்களுக்குப் பாதம் தரையைத் தொடாது; இருக்கையின் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருக்கும். பிரீமியத்தில் உள்ள கால்தாங்கி அதற்கு நல்ல தீர்வு. எகானமியில் என் மாமியாருக்குப் போர்வையைச் சுருட்டி ஒரு சிறு பையில் திணித்துப் பாதத்தின் கீழ் வைத்தோம், ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் எடுத்துவிட்டோம். பாதி நிம்மதி கிடைத்தது.

குழித்துறைச் செவிலியர்:
வீக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, 4 மணி நேரத்திற்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அப்படியும் நலமாக இருப்பவர்களில் அது 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுதான். அகலமான இருக்கையில் அசையாமல் தூங்கினாலும் கதை அதேதான், ஏனென்றால் காரணம் அசையாமை. அதனால் எந்த வகுப்பானாலும் நடைபாதையோர இருக்கை வாங்கிக்கொடுங்கள். விழித்திருக்கும் நேரங்களில் மணிக்கொரு முறையாவது எழுந்து நடக்கட்டும். மஸ்கட்டிலேயே அப்படி வீங்கியது என்றால், புறப்படும் முன் மருத்துவரிடம் காட்டி, அழுத்தக் காலுறை வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். சக்கர நாற்காலி உதவி எல்லா வகுப்பினருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கும், முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது.

களியக்காவிளை வாசி:
பணம் கட்டும் முன் இரண்டு விமானங்களின் இருக்கை வரைபடத்தையும் தனித்தனியே திறந்து பாருங்கள், சகோதரரே. துபாயின் எமிரேட்ஸ் நிறுவனம் இந்த வகுப்பை விற்கத் தொடங்கியதே 2022இல்தான்; எந்த நிறுவனமானாலும் எல்லா விமானத்திலும் இது இருக்காது. நான் வேறொரு நிறுவனத்தில் முழுப் பயணத்திற்கும் என்று நினைத்துப் பணம் கட்டினேன். திருவனந்தபுரத்தில் கையில் கொடுத்த அட்டையில் முதல் கட்டம் சாதாரண எகானமி என்று இருந்தது; பயணச்சீட்டின் கீழே கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அதைச் சொல்லியும் இருந்தார்கள், எனவே சண்டை போடவும் வழியில்லை. உங்கள் 58,000த்தையும் அந்த 16 மணி நேரத்தின் தலையில் வைத்துப் பாருங்கள்: மணிக்கு 3,600 ரூபாய்க்கு மேல் வருகிறது. திரும்பும்போது காற்று துணை செய்வதால் ஒரு மணி நேரத்திற்கு மேல் குறையும், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்தும் கிடக்கலாம். ஆகவே போகும்போது மட்டும் வாங்குங்கள் என்பேன். இப்போதே வாங்கவும் வேண்டாம். விற்காத இடங்களைப் பயணத்திற்குச் சில நாள் முன்பு குறைந்த விலைக்குக் கொடுப்பதுண்டு, சில நிறுவனங்கள் ஏலமும் கேட்கும். இரண்டும் அடுத்தடுத்த இருக்கையாகக் கிடைக்குமா என்பதுதான் அதில் உள்ள சூதாட்டம்.

மார்த்தாண்டத்தான்:
அனைவருக்கும் நன்றி. வரைபடத்தைப் பார்த்தேன்: எங்கள் திருவனந்தபுரம் விமானத்தில் அந்த வகுப்பு இல்லை, ஹூஸ்டன் விமானத்தில் மட்டும் இருக்கிறது. அம்மாவைப் பிரித்து உட்கார வைக்கும் துணிவு எனக்கு இல்லாததால் ஏலத்திற்குக் காத்திராமல், போகும் வழிக்கு மட்டும் சன்னலோர இரட்டை இருக்கையை 1,16,000 ரூபாய் கொடுத்து எடுத்துவிட்டேன். திரும்பி வர எகானமிதான். அம்மாவுக்கு நடைபாதையோரம், எனக்கு நடு இருக்கை. மிச்சமான பணத்தின் கணக்கை அம்மா இன்று காலையிலேயே கேட்டுவிட்டார்கள்.