மறு: பழைய அரத்தில் கடைசல் உளி – ‘டெம்பரிங்’குக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். நம் மரக் கடைசல் கையேட்டில் (கடைசல் என்பது சுழலும் கட்டையை உளியால் செதுக்குவது) ‘டெம்பரிங்’குக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். கெட்டிப்படுத்திய எஃகை மிதமாகத் திரும்பச் சூடாக்கி, தெறிக்காமல் ஆக்குவதுதான் அது. வந்த கருத்துகளுக்கு என் பதில் கீழே.

> கையேட்டில் ‘டெம்பரிங்’குக்குப் பதப்படுத்தல் போதுமே. அகராதியில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக எதற்கு?

போதாது ஐயா. அந்தச் சொல்லை நம்பி நானே ஓர் உளியை உடைத்திருக்கிறேன்.

போன வருஷம் காயலாங்கடையில் எடைக்கு வாங்கிய 12 அங்குலத் தட்டை அரத்தைச் சாணையில் பிடித்துச் சாய்வுளி ஒன்று செய்தேன். ‘அரம் ஏற்கெனவே பதப்படுத்திய எஃகுதானே, இனி என்ன வேலை’ என்று அப்படியே பிடி போட்டுவிட்டேன். சுழலும் வேப்பங்கட்டையில் ஒரு கணுவில் பட்டதுதான் தாமதம், நுனி முக்கால் அங்குலம் தெறித்துத் தகரக் கதவில் போய் அடித்தது. முகக்கவசம் போட்டிருந்தேன், தப்பித்தேன்.

நடந்தது இதுதான். அரம் 1 சதவீதத்துக்கு மேல் கரிமம் உள்ள எஃகு. அதைச் செக்கச் செவேலெனக் காய்ச்சிச் சட்டென்று முக்கினால் கண்ணாடி மாதிரி கெட்டிப்படும். கண்ணாடி மாதிரியே உடையவும் செய்யும். இது முதல் வேலை, அரம் செய்தவர்கள் முடித்துவிட்டார்கள். கடைசல் உளிக்கு இரண்டாவது வேலை ஒன்று பாக்கி, அதுதான் டெம்பரிங்: பல்லைத் தேய்த்தெடுத்து (விரிசல் அங்கேதான் தொடங்கும்), பளபளப்பாக்கி, 200 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை திரும்பச் சூடாக்க வேண்டும். கேக் செய்யும் ஓவனில் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு தடவை வைத்தால் போதும். மேல்பரப்பு வைக்கோல் நிறத்துக்கு வரும். கெட்டி கொஞ்சம் குறையும், அடி தாங்கும். 300 டிகிரி நெருங்கி நீலம் ஓடிவிட்டால் கூர் நிற்காது.

இந்த இரண்டு வேலைக்கும் பதப்படுத்தல் என்ற ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் என்ன செய்வார்? நான் செய்ததைத்தான் செய்வார். போதாக்குறைக்குத் தோலும் மீனும் மாம்பழச் சாறும்கூட அதே சொல்லுக்குள் இருக்கின்றன.

முதல் வேலைக்குச் சொல் தேட வேண்டியதில்லை. எங்கள் பக்கம் அரிவாள் அடிக்கும் கொல்லர் ‘துவைச்சல் போடுவது’ என்பார். தோய்ச்சல் என்பாரும் உண்டு. இரண்டாவதை அவர் தனியாகச் செய்வதில்லை. வாயை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுப்பார், முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்ப்பக்கம் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, நிறம் மாறியதும் முழுக்க முக்கிவிடுவார். அதற்குப் பெயர் கேட்டேன். “பேரென்ன பேரு, அப்படி விடலேன்னா தெறிச்சிரும்” என்றார். சரி, பெயர் வைப்பது நம் தலையில்.

> பதமிறக்கல் என்று வைக்கலாமா?

காதுக்கு நன்றாக இருக்கிறது. பாகு காய்ச்சுகிறவர்களுக்கு உடனே பிடிக்கும். ஆனால் பதம் என்றால் கூர்மை என்றும் பொருள் உண்டே. உளியை மழுங்கடிக்கச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொண்டால்? ‘விறைப்பிறக்கல்’ எனக்குத் தோன்றியது, நானே அடித்துவிட்டேன். பொறியியலில் விறைப்பு வேறு. வளையாமல் நிற்கும் அந்தக் குணம் இந்தச் சூட்டில் மாறுவதில்லை.

என் பரிந்துரை: அரையிளக்கம். இரும்பு இளகுவது எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. ‘அரை’ என்ற முன்னொட்டு எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. வினையாகவும் வளைகிறது: அரையிளக்கு, அரையிளக்கிய உளி. இதே போக்கில் ‘அனீலிங்’குக்கு (எஃகைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டு முழுக்க மிருதுவாக்குவது) முழு இளக்கம் என்று போகலாமே என்று பார்த்தேன், சேர்த்து எழுதினால் முழுவிளக்கம் ஆகிவிடுகிறது! அது பழையபடி பதனாற்றல் என்றே இருக்கட்டும்.

ஹெச்எஸ்எஸ்ஸுக்கு (ஹை ஸ்பீட் ஸ்டீல்) தமிழ் தேட வேண்டாம் என்பேன். அது சிவக்கும் அளவு சூட்டிலும் கெட்டி குறையாத எஃகு, வீட்டு ஓவனில் அதற்கு வேலையே இல்லை. கடையில் கேட்டு வாங்கவும் அந்தப் பெயர்தான் உதவும்.

கையேட்டு வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “அரம் துவைச்சல் போட்டே வருகிறது. பல்லைத் தேய்த்தெடுத்து, வைக்கோல் நிறம் வரும்வரை அரையிளக்கு. அதற்கு முன் கடைசலில் வைக்காதே.” மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று அந்த அத்தியாயத்தைத் திருத்த உட்காருகிறேன்.