லாக்டவுனில் வீட்டுப்பள்ளிக் குடும்பங்களுக்கு நாள் எப்படிப் போகிறது?

மதுரை அம்மா (ஜூலை 2020):
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். மகன் மூன்றாம் வகுப்பு. ஜூனிலிருந்து போனில் வகுப்பு. மிஸ் கேமராவை ஆன் பண்ணச் சொன்னால் இவன் மின்விசிறியைக் காட்டுகிறான். பேசாமல் டிசி வாங்கிவிட்டு நானே சொல்லிக்கொடுக்கலாமா என்று இருக்கிறது. ஏற்கனவே பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் விசுவாசக் குடும்பங்கள் இருந்தால், உங்கள் ஒரு நாளைச் சொல்லுங்களேன்.

பாளை சிஸ்டர்:
ஸ்தோத்திரம் சிஸ்டர். பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. இரண்டு பேரும் பள்ளிக்குப் போனதில்லை. "உங்களுக்கென்ன, எப்பவும் வீட்டிலதான?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டாலே கடுப்பாக வரும். மார்ச் வரைக்கும் எங்கள் பாதிப் பாடம் வெளியேதான் நடந்தது: நூலகம், கொக்கிரகுளம் அறிவியல் மையம், ஆற்றங்கரை, ஞாயிறு பள்ளி. இப்போது எல்லாம் பூட்டு. கோயிலும் பூட்டு, யூடியூபில்தான் ஆராதனை.

காலையில் குடும்ப ஜெபம். ஆளுக்கொரு வசனம் வாசிப்போம், சின்னவளுக்கு அதுவே வாசிப்புப் பாடம். இப்போது எல்லார் வீட்டிலும் ஓடும் அதே 91-ஆம் சங்கீதம்தான். 'கொள்ளைநோய்' என்று எழுத்துக்கூட்டி முடித்துவிட்டு, "எதிர்வீட்டுத் தாத்தாவும் ஜெபம் பண்ணினாரே, அவருக்கு ஏன் வந்துச்சு?" என்றாள். எனக்கும் தெரியவில்லை என்றேன். தாத்தா இப்போது தேறிவிட்டார். ஆனால் கேள்வி முடியவில்லை, தினமும் கேட்கிறாள்.

அப்புறம் கணக்கு, அடுக்களைத் தரையில். ஒரே மேசை அவர் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டது. மதியத்துக்குமேல் பாடம் கிடையாது.

சாயங்காலம் தமிழ் டிக்டேஷன் மட்டும். என் மாமியார் நாசரேத்தில் இருக்கிறார். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும் என்பதால் எல்லாம் போனில்தான். ஆச்சி சொல்லச் சொல்லப் பெரியவன் எழுதுவான். ஆச்சிக்கு ர, ற இரண்டும் ஒரே சத்தம். "நீங்க சொன்னதைத்தான எழுதினேன்" என்று திருத்தும்போது தினமும் தகராறு.

குருத்தோலை ஞாயிறை மட்டும் சொல்லியாகணும். ஏப்ரல் 5. பக்கத்து வீட்டுத் தென்னையில் குருத்து வாங்கி, சிலுவை மடித்து, மொட்டை மாடியைச் சுற்றி ஓசன்னா பாடினோம். அன்றைக்குத்தான் பிரதமர் சொன்ன 9 மணி 9 நிமிட விளக்கும். தெருவே லைட்டை அணைத்து அகல் ஏற்றியதும் சின்னவள், "எல்லாரும் நம்ம பண்டிகையைக் கொண்டாடுறாங்கம்மா" என்று குதித்தாள். நான் திருத்தப் போகவில்லை.

டிசி விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். போன் வகுப்பு பிடிக்கவில்லை என்பது வேறு, வருஷம் முழுக்க நீங்களே பார்த்துக்கொள்வது வேறு.

கோவை பிரதர்:
சிஸ்டர் சொன்னது சரி. என் பங்குக்கு நடைமுறை விஷயம். பள்ளியை விட்டு வெளியே வந்தால் என்ஐஓஎஸ் (தேசிய திறந்தநிலைப் பள்ளி) வழி இருக்கிறது. சின்ன வகுப்புகளுக்கு அதிலேயே ஓபிஇ என்ற திறந்தநிலை அடிப்படைக் கல்வி: ஏ நிலை மூன்றாம் வகுப்புக்குச் சமம், பி ஐந்து, சி எட்டு. பத்தாம் வகுப்புக்குப் பதிய 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பிறகு மனசு மாறினாலும் பயமில்லை. 6 முதல் 14 வயது வரை, கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். முதலில் அதை இறக்கி ஒரு மாதம் நடத்திப் பாருங்கள், டிசியை அப்புறம் யோசிக்கலாம்.

மதுரை அம்மா:
நன்றி பிரதர், நன்றி சிஸ்டர். புத்தகத்தை இறக்கிவிட்டேன். டிக்டேஷனுக்கு எங்கம்மாவைப் பிடிக்கப் போகிறேன். எங்கள் வீட்டிலும் ஒரே மேசைதான், அதை எப்படிப் பங்கு வைத்தீர்கள்?

பாளை சிஸ்டர்:
எங்கே பங்கு வைத்தோம்? சம்பளம் அந்த மேசையிலிருந்துதான வருது, அவருக்கே விட்டாச்சு.