ஆலந்தூர் நகராட்சியின் பழைய வார்டு: தேர்தல் வரலாற்றை எப்படித் தேடுவது?

ஆதம்பாக்கத்து மகள்:
அப்பா போன தை மாதம் தவறிப்போனார். பீரோவைக் காலி செய்தபோது நீளமான கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. 1996 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நின்ற ஒரு சுயேச்சைக்கு அப்பாதான் பூத் ஏஜென்ட். மணிக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்தத் தெரு இன்னும் வரவில்லை என்று எல்லாம் பென்சிலில் எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில், "மணி 3. கோடி வீட்டுப் பாட்டி வரவில்லை. ரிக்‌ஷா அனுப்பணும்" என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

அந்த வேட்பாளர் தோற்றுவிட்டார். எத்தனை ஓட்டில் என்பது நோட்டில் இல்லை. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அப்பா போட்ட மொத்தம், வந்தவர்கள் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு. கணக்கில் அவர் தப்பே செய்யமாட்டார்.

எங்கள் வார்டில் 1986, 1996, 2001, 2006 நான்கு தேர்தல்களிலும் யார் நின்றார்கள், யார் ஜெயித்தார்கள் என்று எழுதி வைக்க ஆசை. ஆனால் 42 வார்டுகளோடு இருந்த ஆலந்தூர் நகராட்சியே 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. இப்போதைய வார்டு எண்ணை வைத்துப் பின்னோக்கிப் போனால் சரியாக வருமா? அம்மாவிடம் இருக்கும் பழைய வீட்டு வரி ரசீதில் ஒரு வார்டு, நோட்டில் வேறொரு வார்டு. எதை நம்புவது?

வரைபடப் பித்தன்:
வராதுங்க. பழைய 42 வார்டுகளோடு நந்தம்பாக்கம், மீனம்பாக்கம் பேரூராட்சிகளையும் மணப்பாக்கம், முகலிவாக்கம் ஊராட்சிகளையும் சேர்த்து, 156 முதல் 167 வரை பன்னிரண்டே வார்டுகளாக்கினார்கள். அதுதான் மாநகராட்சியின் 12-வது மண்டலமானது. உங்கள் பழைய வார்டு இப்போதைய வார்டுக்குள் ஒரு மூலையாக இருக்கும், இல்லையென்றால் இரண்டாக உடைந்திருக்கும்.

ரசீதை விட்டுவிட்டு நோட்டை நம்புங்கள். வரி, நில அளவை ஆவணங்களில் வரும் வார்டு பல ஊர்களில் தேர்தல் வார்டாக இருக்காது. நகர நில அளவையில் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர அளவை எண்) என்று தனி வரிசையே உண்டு. எண்ணைப் பிடித்துக்கொண்டு போகாமல் தெருப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போங்கள். நோட்டில் உள்ள தெருக்களை எழுதிவைத்து, அரசிதழில் வந்த வார்டு எல்லை அறிவிப்போடு ஒப்பிட்டால் தெளிவாகிவிடும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அம்மா, உங்கள் அப்பாவின் கூட்டல் சரிதான். 1996-ல் நான் வேறொரு நகராட்சியில் வாக்குச்சாவடி அலுவலராக இருந்தேன். அந்த முறை நகராட்சித் தலைவரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு வாக்குச்சீட்டு, தலைவருக்கு ஒன்று, வார்டு உறுப்பினருக்கு ஒன்று. வாக்காளர்களுக்குக் கொடுத்த சீட்டுகளைத்தான் அப்பா கூட்டியிருக்கிறார். 2001-லும் இதே முறைதான். 2006-ல் மாற்றிவிட்டார்கள். கவுன்சிலருக்கு மட்டும் ஓட்டு, தலைவரைக் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் 2006 ஓட்டு எண்ணிக்கையை முந்திய இரண்டோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். 1996-ல் தலைவர் பதவிக்காக வந்தவர்கள் வார்டுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போவார்கள். 2006-ல் வார்டுக்காகவே வந்தவர்கள்தான் வந்திருப்பார்கள்.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கியதும் 1996 தேர்தலில்தான். உங்கள் வார்டு அப்போது பொதுவா, மகளிருக்கா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வேட்பாளர் அடுத்த முறை ஏன் காணாமல் போனார் என்பதற்குப் பல நேரம் அதுதான் காரணம்.

நங்கநல்லூர் பழசு:
2001-க்கு வரும்போது பாதாளச் சாக்கடையை விட்டுவிடாதீர்கள். ஆர்.எஸ். பாரதி தலைவராக இருந்த காலம். இணைப்புக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்கூட்டியே மக்களிடம் வாங்கித் தொடங்கிய திட்டம். எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும் என் மாமியார் கேட்ட ஒரே கேள்வி, "பணம் கட்டியாச்சு, குழாய் எப்போ?" என்பதுதான். குடியிருப்போர் சங்கக் கூட்ட நோட்டுகள் யாரிடமாவது இருந்தால் கேளுங்கள். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

வரைபடப் பித்தன்:
இன்னொன்று. மாநிலத் தேர்தல் ஆணையம் வந்ததே 1994-ல். அதனால் 1996 முதல் உள்ள மூன்று தேர்தல்களுக்கு அங்கேயும் மாநகராட்சியிலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய்தான். 1986-க்கு எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது, கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களும் உண்டு. முடிவு வந்த வாரத்து இதழ்களை மட்டும் பார்த்தால் போதும்.

ஆதம்பாக்கத்து மகள்:
இரண்டு சீட்டு விஷயத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஆமா, ரெண்டு சீட்டு மடிச்சுப் போட்டோம்" என்றார். அவருக்கு இத்தனை வருஷம் கழித்தும் நினைவிருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. இருவருமாக உட்கார்ந்து நோட்டிலிருந்து பதினோரு தெருக்களை எழுதிவிட்டோம். இரண்டின் பெயர் மாறியிருக்கிறது. திங்கட்கிழமை மனுவை அனுப்புகிறேன். ரிக்‌ஷாவில் போன பாட்டி ஓட்டுப் போட்டாரா என்று கேட்டதற்கு அம்மா சொன்னார்: "போட்டாங்க. உங்கப்பாதான் கையைப் பிடிச்சுப் படியேத்தினாரு."