போலிப் பகா எண்ணா, பகாப்போலியா?

நாகர்கோவிலிலிருந்து:
நண்பர்களே, தமிழ்வழி இளநிலைக் கணிதத்துக்கு எண்ணியல் குறிப்புகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சூடோபிரைம் (pseudoprime) என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி நிற்கிறேன். ஒற்றைப்படைப் பகா எண் எதுவானாலும், 2-இன் அடுக்கை அதைவிட ஒன்று குறைவாக வைத்து, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1. ஃபெர்மா 1640-இல் சொன்னது. ஆனால் 341-ஐப் பாருங்கள். 2-இன் பத்தாம் அடுக்கு 1024, 341-இன் மும்மடங்கு 1023, மீதி 1. அப்படியானால் 340-ஆம் அடுக்குக்கும் மீதி 1தான். 341-ஓ 11 × 31. இதற்குப் ‘போலிப் பகா எண்’ சரியா?

தக்கலையிலிருந்து:
சார், போலி வேண்டாம். பந்தல், பந்தர் ஆனாலும் பொருள் மாறாது, அதுதான் போலி. பகா எண் நிற்க வேண்டிய இடத்தில் 341 நின்றால் கணக்கே தப்பும். பெரிய பகா எண்களைக் கொண்டு செய்தியைப் பூட்டும் ஆர்எஸ்ஏ முறையில் இப்படி ஒன்று புகுந்தால் பூட்டிய செய்தியைத் திறக்க முடியாமல் போகலாம். பொய்ப் பகா எண் என்போம்.

குளச்சலிலிருந்து:
எழுத்துப்போலியோடு நிறுத்தினால் எப்படி, தம்பி? இலக்கணப்போலி இருக்கிறதே! இல்முன் என்பது முன்றில் ஆகி, இலக்கணம் உடையதுபோலவே வழங்குகிறது. அந்த வழியில் ‘பகாப்போலி’ என்பேன். பகு என்ற வேர் எளிதானதல்ல. பகல், பகை, பக்கம் எல்லாம் அதில் கிளைத்தவை. இகல் அதிகாரத்தின் முதல் குறளில் பகல் என்பதே கூடாமைதான்.

தக்கலையிலிருந்து:
ஐயா, இலக்கணம் பெயர்ச்சொல். பகா ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பகாப்போலி என்றால் பகாத போலி. 341 பகுமே!

மார்த்தாண்டத்திலிருந்து:
வகுப்பில் ‘கள்ளநோட்டு மாதிரி’ என்றேன், உடனே பிடித்துக்கொண்டார்கள். “கள்ளம் பறையாதே”, அதாவது பொய் சொல்லாதே, என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள். கேரளப் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்குப் பகா எண்ணே புதிது, அவர்களுக்கு அது அபாஜ்ய சங்க்ய. ஆனாலும் கள்ளம், பொய் இரண்டையும் நான் ஏற்கவில்லை. எண் யாரையும் ஏமாற்றவில்லை, சோதனைதான் போதவில்லை. 2-க்குப் பதில் 3-ஐ வையுங்கள், மீதி 56 வந்து 341 மாட்டிக்கொள்ளும். எனவே பெயரில் அடிமானம், அதாவது எந்த எண்ணின் அடுக்கை எடுத்தோம் என்பது, இருந்தாக வேண்டும்: ‘அடிமானம் 2-க்குப் போலிப் பகா எண்’. 561 பொதுக்காரணி இல்லாத எந்த அடிமானத்துக்கும் தப்பிவிடும்; நம் ராமானுஜன் எண் 1729-உம் அப்படித்தான். அவற்றைக் கார்மைக்கேல் எண்கள் என்றே விடலாம். 2024-இல் அறிவித்த 41,024,320 இலக்கப் பகா எண்ணும் முதலில் ‘பகா எண்ணாக இருக்கக்கூடும்’ என்ற நிலையில்தான் வந்தது. லூகாஸ்–லேமர் சோதனைக்குப் பிறகே உறுதியானது.

நாகர்கோவிலிலிருந்து:
சரி, மார்த்தாண்டம் சொன்னபடி ‘போலிப் பகா எண்’, அடிமானத்தோடு. அப்புறம் அந்த ‘இருக்கக்கூடும்’ என்ற நிலைக்கு ஒரு பெயர் வேண்டும். ‘நிகழ்தகவுப் பகா எண்’ என்று எழுதட்டுமா?

குளச்சலிலிருந்து:
பகாப்போலியை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.

தக்கலையிலிருந்து:
அடைப்புக்குறி வேண்டாம். போலிக்கும் என் மறுப்பு அப்படியே இருக்கிறது. நிகழ்தகவுக்கு நாளைக்கு எழுதுகிறேன். ஓர் எண் பகா எண்ணாக இருக்கும், அல்லது இராது. அதற்கு நிகழ்தகவு எங்கிருந்து வந்தது?