மலைச்சரிவில் உள்ள வீட்டைப் புயல் காலத்துக்கு எப்படி ஆயத்தப்படுத்துவது?

கேள்வி: ஹப்புத்தளைத் தோட்டவாசி

அனைவருக்கும் வணக்கம். ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை மலையின் அடியில் இருக்கும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், நாங்கள் குடியிருக்கிறோம். இன்சுலின் போடும் அம்மாவும், பாடசாலை செல்லும் பிள்ளைகளும், கறவை மாடொன்றும் எங்களோடு உண்டு. புயல் என்பது கரையோரத்து மக்களின் கவலை என்றே இருந்துவிட்டோம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் கிழக்குக் கரையில் தரைதொட்டபோதும், கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில்தான் மண்சரிவினால் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியது. அடுத்த ஒக்டோபர் பிறப்பதற்குள் நாங்கள் எவற்றைச் செய்து முடிக்க வேண்டும்? கூரைத் தகரம் மாற்றுவதற்கென்று சேர்த்த சீட்டுப்பணம் கையில் இருக்கிறது. அதைக் கூரைக்கே செலவிடலாமா?

பதில்: பசறை வாசகர்

தம்பி, கூரையைப் பற்றி யோசிக்கும் முன் வீட்டுக்கு மேலே உள்ள மலையைப் பாருங்கள். நம் பகுதியில் புயல் ஆளைக் கொல்வது காற்றினால் அல்ல, மண்ணுக்குள் இறங்கும் நீரினால்தான். நாட்கணக்காகப் பெய்யும் மழை சரிவுக்குள் ஊறி, மண்ணின் பாரத்தைக் கூட்டி, அதன் பிடிமானத்தைத் தளர்த்திவிடுகிறது; பிறகு சிறிது நேரம் கொட்டும் கனமழையே போதுமானதாகிவிடும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண் அப்படித்தான் இறங்கியது. அபாயம் உண்டென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஆகவே லயத்துக்கு மேலுள்ள கான்களை (வடிகால்களை) ஒக்டோபருக்கு முன்பே துப்புரவாக்குங்கள். சருகும் மண்ணும் அடைத்த கானில் வழி கிடைக்காத நீர் சரிவுக்குள்தான் இறங்கும். சமையலறைக் கழிவுநீரையும் பீலித் தண்ணீரையும் மண்மேட்டின் மேல் விடாமல் குழாய் வழியாகக் கானில் சேர்க்க வேண்டும். உங்கள் சீட்டுப்பணத்தின் முதற்பகுதி அந்தக் குழாய்க்கே போகட்டும். காம்பராவை (அறையை) பெருப்பிக்கவென்று பின்புற மண்மேட்டை வெட்டுவதை எக்காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம்.

நிலத்தில் வெடிப்பு இருந்தால் அதன் இருபுறமும் ஒவ்வொரு முளையை அடித்து இடைவெளியை அளந்து திகதியோடு எழுதி வையுங்கள். இடைவெளி கூடுகிறதென்றால் கிராம உத்தியோகத்தருக்கு உடனே அறிவித்து, மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினர் வந்து பார்க்க ஏற்பாடு செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். கதவு திடீரென நிலையில் இறுகுவது, சவுக்கு மரங்கள் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, தெளிந்து ஓடிய ஊற்று சேறாக மாறுவது, ஓடிய நீர் திடீரென நின்றுபோவது ஆகிய யாவும் வெளியேறச் சொல்லும் அறிகுறிகள். இவற்றைக் கண்டபின் எவருடைய அறிவித்தலுக்கும் காத்திருக்க வேண்டாம்.

மழையை நீங்களே அளக்கலாம். பக்கங்கள் நேராக உள்ள தகரப் பேணியொன்றைக் கூரையோ மரமோ மறைக்காத வெளியில் வைத்து, நீரின் உயரத்தை அடிமட்டத்தால் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐக் கடந்தால் பையோடு வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐக் கடந்தாலோ, ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தாலோ, இரவென்றும் பாராமல் வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளும் இதே படிமுறையில் அமைந்தவை.

பதில்: அக்கரப்பத்தனை வாசகர்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும் காற்றை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. உயரமான தோட்டங்களில் தகரம் பறந்தால் குடும்பமே நனைந்துவிடும். பறந்த தகரம் ஆளையும் வெட்டும். தளர்ந்த ஆணிகளையும் உக்கிய மரச்சட்டங்களையும் மாற்றுவதற்கு முழுக்கூரைக்கான பணம் தேவையில்லை. லயத்தின் மேல் சாய்ந்த கிளைகளை வெட்டித் தருமாறு தோட்ட நிர்வாகத்திடம் தோட்டத் தலைவர் ஊடாகக் கேளுங்கள். தகரத்தின் மேல் கல் வைக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. காற்றில் அந்தக் கல்லே தலையில் விழும் என்பதால், மணல் நிரப்பிய சாக்குகளைக் கயிற்றால் பிணைத்து வைப்பது நல்லது.

பதில்: லிந்துலை அக்கா

தம்பி, அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். பாதைகள் துண்டிக்கப்பட்டால் மருந்தகத்துக்குப் போக வழியிருக்காது. எனவே அடுத்த கிளினிக்கிலேயே நிலைமையைச் சொல்லி, மேலதிகமாக மருந்து தர முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான இன்சுலின் வகைகளைத் திறந்த பின், அதிக வெப்பமில்லாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் குளிர்சாதனப் பெட்டியின்றியே வைத்திருக்கலாம். உங்கள் மருந்துக்கு அது பொருந்துமா என்பதைத் தாதியிடம் உறுதிப்படுத்துங்கள். கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், சேமலாப நிதிப் பத்திரங்கள் ஆகியவற்றை இரண்டு பொலித்தீன் பைகளில் ஒன்றனுள் ஒன்றாகக் கட்டி, கதவருகே ஆணியில் தொங்கவிடுங்கள். அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் திறப்பைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். அம்மாவைத் தூக்கிச் செல்லக்கூடிய இருவர் யார் என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். பக்கத்துக் காம்பராவில் வேலைக்காகக் கொழும்பு சென்றவர்கள் அதிகமென்றால், இரவில் வீட்டிலிருக்கும் ஆட்களைக் கணக்கெடுத்துத்தான் அந்த இருவரைத் தெரிவு செய்ய வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. எங்களுக்குக் காட்டப்பட்டிருக்கும் ஒதுங்குமிடம் ஒரு பாடசாலை. அதன் பின்புறத்திலும் உயர்ந்த மண்மேடு இருக்கிறது. மாட்டை என்ன செய்வது என்பதும் தெரியவில்லை.

பதில்: பசறை வாசகர்

அந்தப் பாடசாலை பரிசோதிக்கப்பட்ட இடமா என்று கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் மழைக்கு முன்பே கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால், சரிவிலிருந்தும் ஓடையிலிருந்தும் விலகியிருக்கும் உறவினர் வீடொன்றைப் பேசி வையுங்கள். அங்கே போகும் பாதையும் மண்மேட்டின் அடியாக இருக்கக் கூடாது. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும், நோயாளர் காவு வண்டிக்கு 1990ஐயும் பிள்ளைகளுக்குப் பாடமாக்குங்கள். மாட்டைச் செம்மஞ்சள் எச்சரிக்கை வந்ததுமே மேட்டுச் சமதரைக்கு மாற்றலாம். அதற்கு நேரமில்லையென்றால் கயிற்றை அவிழ்த்துவிட்டு நீங்கள் போய்விடுங்கள். அவிழ்த்த மாடு தானே வழி தேடும்.