எழுத்தாளர் சந்திப்பை உங்கள் ஊரில் எப்படி நடத்துகிறீர்கள்? எங்களுடையது சொதப்பிவிட்டது

ஜெராக்ஸ்கடைக்காரன் கேட்டது:

கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை மாடியில் இருக்கும் டியூஷன் ரூம் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே கூடிக் கதை வாசிக்கிறோம். வீட்டில் படித்துவிட்டு வந்து விமர்சனம் பண்ணுவதெல்லாம் கிடையாது. ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். பதினோரு பேர் தவறாமல் வருவார்கள். (கதையை ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பதில்லை. தொழிலே அதுதான் என்றாலும் இதில் செய்ய மனசு வரவில்லை. ஒரே புத்தகம், கை மாறும்.)

முதல் மாதம் கி. ராஜநாராயணனின் (கி.ரா.) 'கதவு' சிறுகதை. வாசித்தது தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. பிள்ளைகள் கதவில் தொத்திக்கொண்டு பஸ் விளையாட்டு விளையாடும் இடத்தில் எல்லோருக்கும் சிரிப்பு. தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போகும் இடம் வந்ததும் அக்கா கொஞ்சம் நிறுத்தினார். அதுவரை வாயே திறக்காத ஒரு பெரியவர், "எங்க வீட்ல அண்டாவத் தூக்கிட்டுப் போனாங்க" என்றார். அதற்குப் பிறகு கதை ஒரு அரை மணி நேரம் நகரவில்லை. ஆளாளுக்கு ஒரு ஜப்திக் கதை இருந்தது.

அடுத்த மாதம் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. இரண்டு பேருமே இடைசெவல்காரர்கள் என்பது எங்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும். பஸ்ஸில் அந்த ஊரைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறார்கள்!

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். போன மாதம் இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரைக் கூப்பிடலாம் என்று ஆசைப்பட்டோம். அவரும் பஸ் சார்ஜ் போதும் என்று வந்துவிட்டார். கெடுத்தது நாங்கள்தான். ஃப்ளெக்ஸ் போர்டு, பந்தல் கடையில் வாடகைக்கு நாற்பது நாற்காலி, மைக் செட். வரவேற்புரை, தலைமையுரை, நாலு வாழ்த்துரை, ஏழு பொன்னாடை. ஐந்து மணிக்கு ஆரம்பித்தது. எழுத்தாளர் கைக்கு மைக் போகும்போது ஆறு இருபது. கேள்வி நேரத்தில், "உங்களுக்கு எழுதத் தூண்டுதல் யார்?", "இளைய தலைமுறைக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?". அவருடைய நாவலைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. படித்திருந்ததே மூன்று பேர்.

பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும்போது அவர் என்னிடம், "நல்லா வாசிப்பாங்கன்னு போன்ல ஒரு அக்காவப் பத்திச் சொன்னீங்களே, அவங்க வரலையா?" என்றார். வந்திருந்தார். கடைசி வரிசையில் டீ கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர் எண்ணிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்தில் இன்னொருவர் வருகிறார். வாசிப்பையும் எழுத்தாளர் பேச்சையும் ஒன்றாக வைக்கலாமா, தனித்தனியாகவா? பழைய இலக்கியத்தையும் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைத் தமிழையா:

தம்பி, முப்பத்தோரு வருசம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவன் நான். மன்றக் கூட்டங்களில் நானும் இந்தப் பாவத்தையெல்லாம் செய்திருக்கிறேன், பொன்னாடை உட்பட.

எங்கள் ஊரில் ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் கூடியதைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கம்பனில் ஒரு பாட்டை எடுத்தால் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி ருசிப்பார்களாம். அடுத்த பாட்டுக்கு ஓட மாட்டார்கள். உங்களுக்கும் அதுதான் வேண்டும். பழைய இலக்கியம் என்றதும் உரைநூலைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், கூட்டம் தூங்கிவிடும். குறுந்தொகையில் 401 பாட்டு இருக்கிறது. ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் நாலிலிருந்து எட்டு அடிக்குள். ஒன்றே ஒன்று எடுங்கள். கபிலரின் 25ஆம் பாட்டைச் சொல்வேன்:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

நாலு பேரை வாசிக்கச் சொல்லுங்கள். 'யாரும் இல்லை' என்றதும் ஒருவர் நிறுத்துவார், ஒருவர் நிறுத்தாமல் போவார். எங்கே நிறுத்துகிறோமோ அங்கே பாட்டில் பேசும் பெண்ணின் குரல் மாறும். ஒருவருக்குக் கோபமாகக் கேட்கும், ஒருவருக்குப் பயமாகக் கேட்கும். பொருள் அதற்குப் பிறகு சொன்னால் போதும்: அவன் என்னோடு கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அவன்தான் இருந்தான், அவனே இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஒரு குருகு, கொக்கு மாதிரிப் பறவை, அது மட்டும் நின்றது, அதுவும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு.

மேடைப்பித்தன்:

எல்லாரும் பொன்னாடையத் திட்டுறீங்க. கொஞ்சம் நியாயம் பேசுவோம். எங்க ஊர்ல வாழ்த்துரை சொல்ற அண்ணாச்சிதான் டீக்கும் வடைக்கும் காசு தர்றார். அவர் பேரை நோட்டீஸ்ல போடலைன்னா அடுத்த வருசம் கூட்டமே இல்ல. இலக்கியம் காத்துல நடக்காது சார்.

நான் பண்றது இதுதான். மரியாதை எல்லாம் கூட்டம் முடிஞ்சப்புறம், போட்டோ எடுக்கும்போது. அண்ணாச்சிக்குத் தேவை போட்டோ. பேச்சு இல்ல. இதக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருசம் ஆச்சு.

மத்தபடி சத்தமா வாசிக்கிறதுல எனக்கு நம்பிக்கை கிடையாது. படிக்காம வர்றவனுக்கு அது ஒரு சாக்கு.

போரூர் வாசகி:

மேடைப்பித்தன் சொல்வதில் கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் சரி. சத்தமாக வாசிப்பது சாக்கு இல்லை. எங்கள் அம்மா எட்டாவதோடு நின்றவர். அவருக்குக் கண்ணும் சரியில்லை. நாங்கள் வாசித்துக் கேட்டே ஏழெட்டு நாவல் 'படித்திருக்கிறார்'.

எங்கள் குழுவில் ஆறு பேர், எல்லோரும் பெண்கள், ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் வேலை. 2019 கோடையில் அசோகமித்திரனின் 'தண்ணீர்' எடுத்தோம். தெருவில் லாரிக்குக் குடம் வரிசை போட்டுவிட்டு, அந்த வரிசையிலேயே போனில் வாசித்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டோம். நாவலில் வரும் அடிபம்பு பக்கங்களை வாசிக்கும்போது பின்னால் எங்கள் தெருச் சண்டை கேட்கிறது! அசோகமித்திரன் 2017லேயே போய்விட்டார். கேள்வி கேட்க ஆள் இல்லாததால் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டோம். நாவலில் வரும் ஜமுனாவுக்கு ஏன் இப்படி என்று ஒருத்தி கேட்டால், டீச்சரம்மா இல்லாவிட்டால் அவள் என்ன ஆகியிருப்பாள் என்று இன்னொருத்தி. நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்று அங்கேதான் பழகினோம்.

அதற்குப் பிறகு உயிரோடு இருக்கும் எழுத்தாளரோடு பேசும்போது ஒரே நிபந்தனை: பக்க எண் சொல்லாமல் கேள்வி கேட்கக் கூடாது. "உங்கள் எழுத்துப் பயணம்" என்று ஆரம்பிக்கிற ஆளெல்லாம் தானாகவே அடங்கிவிடுவார்கள்.

ஜெராக்ஸ்கடைக்காரரே, அந்த அக்காவை டீ கேனுக்குப் பக்கத்தில் உட்காரவிடாதீர்கள். டம்ளரை நீங்கள் எண்ணுங்கள்.

ஜெராக்ஸ்கடைக்காரன் (இரண்டு மாதம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

நாற்காலி இல்லை, மைக் இல்லை. ஜமுக்காளம் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். எழுத்தாளரும் நடுவில் ஒருவராக உட்கார்ந்துகொண்டார். தட்டில் கடலைமிட்டாய். டம்ளரை நான்தான் எண்ணினேன்.

முதலில் தமிழையா சொன்ன குறுந்தொகைப் பாட்டு. அதை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் அடித்து ஜெராக்ஸ் போட்டேன், கபிலர் கேஸ் போட மாட்டார். மூன்று பேர் வாசித்தார்கள். நாலாவது எங்கள் வக்கீல் குமாஸ்தா. வாசித்து முடித்துத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இந்தக் கேஸ் நிக்காது. இருக்கிறது ஒரே சாட்சி, அதுவும் மீனப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு" என்றார். எழுத்தாளர் சிரித்ததில் டீ சிந்தியது. பிறகு குமாஸ்தாவே, "ஆனா அந்தப் பிள்ளைக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுது" என்றார். ஐயா, உரையாசிரியர் யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்களா?

அடுத்து நாவல். வந்தவருடைய கதையில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் ஒரு பெண் வருகிறாள். ஒரு அத்தியாயத்தை அக்கா வாசித்தார். ராத்திரி பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது அவள் விரலில் மருந்து வாசம் அடிப்பதாக ஒரு வரி. அக்கா அந்த வரியைத் தாண்டிப் போய், நிறுத்தி, திரும்பி வந்தார்.

"சார், 64ஆம் பக்கம். குச்சி அடுக்குறவ கையில மருந்து வாசம் இருக்காது. மருந்து முக்குறது வேற ஆளு, வேற ரூம்பு."

ரூம் அமைதியாகிவிட்டது. எனக்குத் திக்கென்றது, கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்துகிறோமோ என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்ப என்ன வாசம் இருக்கும்?" என்றார்.

"வாசமே இருக்காது. விரல் நுனி மரத்துப்போயிருக்கும். சோறு சூடா இருக்கான்னு தெரியாது. நான் உதட்டுல வச்சுப் பாத்துத்தான் ஊட்டுவேன்."

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டது அவர், பதில் சொன்னது அக்கா. ஒரு நாளைக்கு எவ்வளவு அடுக்கலாம், எத்தனை வயசில் ஆரம்பித்தார், கண்ணை மூடிக்கொண்டு அடுக்க வருமா என்று (வருமாம்). போரூர் அம்மா சொன்ன பக்க எண் விதியை அக்கா ஒருவர்தான் கடைப்பிடித்தார் என்பதையும் பதிவு செய்கிறேன். மற்றவர்கள் மறந்துவிட்டோம்.

மேடைப்பித்தன் அண்ணே, போட்டோ யோசனை வேலை செய்தது. கடைசியில் ஒரே ஒரு பொன்னாடை, ரெண்டு நிமிசம். ஆனால் எழுத்தாளர் அதை மடித்து அக்காவிடம் கொடுத்துவிட்டதில் நன்கொடையாளருக்குக் கொஞ்சம் முகம் வாடிப்போச்சு. அதை எப்படிச் சரிக்கட்டுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மேடைப்பித்தன்:

அவருக்குத் தனியா ஒண்ணு போத்தி விடுங்க. நாற்காலி வாடகை மிச்சமாச்சுல்ல?